பழைய ஃபியட்டுக்குப் புதிய எஞ்சின்

மும்பை குர்லாவில் இயங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையிலிருந்து 1964 முதல் ஃபியட் 1100 டிலைட் என்றும், 1974 முதல் பிரீமியர் பத்மினி என்றும் பெயர் பூண்டு, 2000ஆம் ஆண்டையொட்டி உற்பத்தி நிற்கும் வரையில் அடிப்படை அமைப்பில் பெரிய மாற்றமின்றி வெளிவந்த சிறிய கார், கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் இன்றும் பல வீட்டுப் போர்டிகோக்களிலும் தோட்டத்துச் சாளைகளிலும் காணக்கிடைக்கிறது. அதன் இதயமான 1089 சிசி எஞ்சின் நான்கு சிலிண்டரும் ஒரு கார்புரேட்டரும் கொண்டு ஏறத்தாழ 40 குதிரைத்திறனைத் தந்தது. அத்திறனை ஸ்டீயரிங் தண்டில் கம்பு பொருத்திய நான்கு கியர் பெட்டி பின்சக்கரங்களுக்குக் கடத்தியது. உதிரிபாகம் அரிதாகி, எண்ணெய் குடிக்கும் பழக்கமும் முற்றிய பிறகு, அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு இன்றைய எஞ்சின் ஒன்றை உள்ளே பொருத்தினால் என்ன என்ற எண்ணம் உரிமையாளர்களுக்கு எழுவது இயல்பே. ஆனால் இத்தகைய மாற்றத்தில் எஞ்சின் எவ்வளவு திறன் தருகிறது என்பது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. அந்தத் திறன் எந்தத் திசையில் வெளிவருகிறது, எந்தத் தண்டின் வழியே போகிறது, அதனோடு பிறக்கும் வெப்பமும் அதிர்வும் எங்கே சென்று சேர்கின்றன, அந்த வேகத்தை எது நிறுத்துகிறது என்பனவே வேலையின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன.

இந்தியாவில் இந்தப் பாடத்தை முதலில் கற்றவை கார் நிறுவனங்களே. புதிய காரை முழுவதுமாக வடிவமைக்கும் முதலீடோ உரிமமோ இல்லாத காலத்தில் ஒரு நாட்டின் உடலுக்குள் இன்னொரு நாட்டின் எஞ்சினை வைப்பது அவற்றுக்கு வழக்கமான உத்தியாக இருந்தது. 1985இல் வந்த பிரீமியர் 118 என்.இ. காரின் உடல் இத்தாலியின் ஃபியட் 124. எஞ்சினோ ஜப்பானின் நிசான் ஏ12 வகையைச் சேர்ந்த 1171 சிசி. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1990களின் தொடக்கத்தில், 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வடிவத்திலேயே ஓடிக்கொண்டிருந்த அம்பாசிடருக்குள் சுமார் 75 குதிரைத்திறன் தரும் 1.8 லிட்டர் இசுசு எஞ்சினைப் பொருத்தியபோது, கூடவே ஐந்து கியர் கொண்ட புதிய கியர் பெட்டியையும் வைத்தது. எஞ்சின் மட்டும் தனியே மாறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இதற்கு நேர்மாறான வேடிக்கையும் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985இல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000, பிரிட்டனில் எட்டு சிலிண்டர் எஞ்சினுக்காக வரையப்பட்ட ரோவர் எஸ்.டி.1 காரின் நவீன உடலுக்குள், 1940களின் வான்கார்டு கார் காலத்து இரண்டு லிட்டர் எஞ்சினைச் சுமந்து வந்தது. கனமான உடலை இழுக்க அந்த எஞ்சினுக்கு வலுப்போதவில்லை. மூன்றாண்டுகளுக்குள் அந்தக் கார் சந்தையிலிருந்து மறைந்தது. உடலுக்கு எஞ்சின் மிஞ்சினாலும் எஞ்சினுக்கு உடல் மிஞ்சினாலும் விளைவு ஏறத்தாழ ஒன்றே என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

கோயம்புத்தூரில் இந்தக் கலைக்குத் தனி வரலாறு உண்டு. மோட்டார் பந்தய வீரரான எஸ். கரிவர்தன், சந்தைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த மாருதி 800 காரின் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். அவர் செய்ததன் நுட்பம், எஞ்சினை மட்டும் எடுக்காமல், எஞ்சின், கியர் பெட்டி, இரு சக்கரங்களுக்கும் திறனைப் பங்கிடும் டிஃபரென்ஷியல் ஆகிய மூன்றும் ஒரே கட்டாக இணைந்திருந்த தொகுதியை அப்படியே காரின் முன்புறத்திலிருந்து எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்ததில் இருக்கிறது. முன்சக்கரங்களைச் சுழற்றிய அதே தொகுதி அங்கே பின்சக்கரங்களைச் சுழற்றியது. குறைந்த செலவில், உள்நாட்டிலேயே கிடைக்கும் பாகங்களால் ஒரு தலைமுறைப் பந்தய வீரர்களை உருவாக்கிய அந்த வழியை, கோவையின் எல்.ஜி.பி. நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய ஃபார்முலா எல்.ஜி.பி. பந்தயங்களும் பின்னர் பின்பற்றி, மாருதி ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் எஞ்சினைப் பயன்படுத்தின. 1995இல் விமான விபத்தில் இறந்த கரிவர்தனின் பெயரையே செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் தாங்கி நிற்கிறது.

பத்மினிக்கு அந்தத் தொகுதி வழி பொருந்தாது. காரணம், எஞ்சின் அமரும் திசை. பத்மினியில் எஞ்சின் காரின் நீளவாக்கில் அமர்ந்து, அதன் பின்னால் கியர் பெட்டி, அதன் பின்னால் காரின் அடியில் ஓடும் நீண்ட புரொப்பலர் தண்டு, இறுதியில் பின் அச்சு என ஒரே நேர்கோட்டில் திறன் செல்கிறது. 1959இல் பிரிட்டனின் மினி கார் பரவலாக்கிய முறையில், இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவை எஞ்சினைக் குறுக்குவாக்கில் வைத்து முன்சக்கரங்களை ஓட்டுகின்றன. ஆகவே உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் எளிதில் கிடைக்கும் ஆல்ட்டோ, சாண்ட்ரோ, ஸ்விஃப்ட் எஞ்சின்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அவற்றின் கியர் பெட்டி பத்மினியின் பானட்டுக்குள் பயனற்றது. நீளவாக்கில் அமர்ந்து பின்சக்கரங்களை ஓட்டும் சிறிய பெட்ரோல் எஞ்சினைத் தேடும்போது, இந்தியச் சாலைகளில் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே: மாருதி ஆம்னியின் 796 சிசி, மாருதி ஜிப்ஸியின் 1298 சிசி, 2010இல் வந்த மாருதி ஈகோவின் 1196 சிசி. இவற்றுள் ஈகோவின் எஞ்சின், 73 குதிரைத்திறனும் 101 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருவது, பத்மினியின் அளவுக்கு மிக அருகில் நிற்கிறது. முறுக்குவிசை என்பது தண்டைத் திருகும் வலிமை. குதிரைத்திறன் என்பது அந்தத் திருகல் எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதன் அளவு. நகரச் சாலையில் காரை நகர்த்துவது முன்னது, நெடுஞ்சாலையில் வேகத்தைத் தக்கவைப்பது பின்னது.

புதிய எஞ்சினோடு அதற்குரிய கியர் பெட்டியையும் சேர்த்தே எடுப்பதா, பழைய கியர் பெட்டியை வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் இணைப்பதா என்பது அடுத்த முடிவு. இரண்டாவது வழி சிக்கனமாகத் தோன்றும். லேத் பட்டறைகளுக்குப் பேர்போன கணபதி, ஆவாரம்பாளையம் பகுதிகளில் இரண்டையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்டை வெட்டித் தருவதற்கு ஆட்களும் எந்திரங்களும் உண்டு. ஆனால் சிக்கல் தகட்டை வெட்டுவதில் இல்லை, மையத்தைப் பிடிப்பதில் இருக்கிறது. கியர் பெட்டியின் உள்வரும் தண்டின் நுனி, எஞ்சினின் கிராங்க் தண்டு முனையிலுள்ள சிறிய பேரிங்கில் தாங்கப்பட்டுச் சுழல்கிறது. இரு தண்டுகளின் மையக்கோடுகளும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தண்டு சற்றே வளைந்து நிமிர்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் இது நொடிக்கு 50 முறை. கண்ணுக்குத் தெரியாத இந்த வளைவு உலோகத்தைக் களைப்புறச் செய்து, சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் பேரிங்கையோ கிளட்ச் தட்டின் மையத்தையோ தின்றுவிடும். டயல் கேஜ் எனப்படும் நுண்ணளவியை ஃபிளைவீலில் பொருத்திச் சுழற்றிப் பார்க்காமல் போல்ட்டை முறுக்குவது இந்த வேலையில் மன்னிக்க முடியாத அவசரம். வீட்டில் வேலை செய்பவருக்கு எஞ்சினையும் கியர் பெட்டியையும் பிரிக்காமல் ஒன்றாக இறக்குவதே நல்லது; தொழிற்சாலை ஏற்கெனவே தீர்த்துவைத்த கணக்கை மீண்டும் போட வேண்டியதில்லை. ஈகோவில் எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில் இருப்பதால், கியர் கம்பையும் கியர் பெட்டியையும் இணைக்கும் அமைப்பைப் பத்மினிக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும் என்பது அதற்குக் கொடுக்கும் சிறிய விலை.

அடுத்தது, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகள். பட்டறைகளில் இவை மிக அலட்சியமாக நடத்தப்படுகின்றன. அறிவியல் நோக்கில் இவையே மிகச் சுவையானவை. நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சினில் கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை எரிபொருள் வெடிக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடும்போது நொடிக்கு ஏறத்தாழ 27 துடிப்புகள். மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு என்பதால் அதே வேகத்தில் 20 துடிப்புகள். ரப்பரின் மேல் அமர்ந்த எஞ்சினுக்கு, தட்டிவிட்டால் தானாக ஆடும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. வெளித்துடிப்பின் அதிர்வெண் அந்த இயல்பு அதிர்வெண்ணைப் போல் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ரப்பர் அதிர்வை உடலுக்குப் போகவிடாமல் தடுக்கும். இரண்டும் நெருங்கினால், ஒத்ததிர்வு என்னும் நிகழ்வால், ரப்பரே அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கும். எனவே நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு மவுண்டிங்கின் இயல்பு அதிர்வெண் நொடிக்கு 19க்குக் கீழும், மூன்று சிலிண்டருக்கு 14க்குக் கீழும் இருக்கவேண்டும். அதாவது மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு இன்னும் மென்மையான ரப்பர் தேவை. ஆம்னி எஞ்சினைக் கடினமான லாரி ரப்பரின் மேல் ஏற்றிவிட்டு, சிக்னலில் நிற்கும்போது கண்ணாடி முதல் டிக்கி வரை நடுங்குகிறதே என்று வியப்பதில் பொருளில்லை. மேலும் பத்மினிக்குத் தனியான சேசிஸ் சட்டம் கிடையாது. தகட்டு உடலே சட்டமாகவும் இருக்கும் மோனோகாக் அமைப்பு அதனுடையது. புதிய தாங்கிகளை மெல்லிய தகட்டின் ஒரு புள்ளியில் வெல்டிங் செய்தால் அந்தப் புள்ளியைச் சுற்றித் தகடு கிழியும் என்பதால், சுமையை அகலமாகப் பரப்பும் தடித்த தகடு ஒன்றை இடையில் வைப்பது கட்டாயம்.

புதிய கியர் பெட்டியின் நீளம் வேறாக இருப்பதால் புரொப்பலர் தண்டை வெட்டிக் குறைக்கவோ நீட்டவோ வேண்டிவரும். கிராஸ் என்று மெக்கானிக்குகள் சொல்லும் யுனிவர்சல் ஜாயின்ட் ஒரு கோணத்தில் வளைந்து சுழலும்போது, உள்ளே வரும் தண்டு சீரான வேகத்தில் சுற்றினாலும் வெளியே போகும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுற்றுகிறது. கோணம் 10 பாகையாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் இருபுறமும் ஒன்றரை விழுக்காடு அளவுக்கு இருக்கும். தண்டின் மறுமுனையில் இன்னொரு கிராஸ் இருப்பதன் நோக்கமே முதலாவது செய்த குழப்பத்தை இரண்டாவது நேர்செய்வதுதான். அதற்கு, கியர் பெட்டியின் வெளிவரும் தண்டும் பின் அச்சின் உள்வரும் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கவேண்டும். இரு முனைகளின் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கவேண்டும். எஞ்சினை இடம் போதாமல் சற்றே மூக்கை உயர்த்தி வைத்துவிட்டு, 60 கிலோமீட்டர் வேகத்தில் காரின் அடியிலிருந்து முனகல் வருவதற்குக் கியர் பெட்டியைக் குறைசொல்லும் வழக்கம் உண்டு. குறை கோணத்தில் இருக்கிறது. வெட்டி ஒட்டிய தண்டைப் பேலன்ஸ் செய்யும் எந்திரத்தில் ஏற்றிச் சரிபார்ப்பதும் அதே அளவு அவசியம்.

பின் அச்சின் விகிதத்தையும் இங்கேயே கணக்கிட்டுவிடலாம். டயரின் சுற்றளவு 1.88 மீட்டர், அச்சின் விகிதம் 4.3 எனக் கொண்டால், நான்காவது நேர் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும்போது கார் மணிக்கு 79 கிலோமீட்டர் போகும், 0.8 விகிதமுள்ள ஐந்தாவது கியர் கிடைத்துவிட்டால் அதே சுற்றில் 98 கிலோமீட்டர். சேலம் – கொச்சி நெடுஞ்சாலையில் பழைய ஃபியட்டின் எஞ்சின் கதறுவதற்கும் புதியது அமைதியாக ஓடுவதற்கும் இடையிலான வேறுபாட்டின் பாதி, எஞ்சினின் புதுமையில் அன்றி இந்த ஐந்தாவது கியரில் அடங்கியிருக்கிறது.

எரிபொருள் பகுதியில் தலைமுறை மாற்றம் முழுமையாகத் தெரியும். கார்புரேட்டர் என்பது காற்று விரைந்து செல்லும் குறுகிய குழாயில் அழுத்தம் குறைவதைப் பயன்படுத்திப் பெட்ரோலை உறிஞ்சவிடும் கருவி. அதற்குக் காற்றின் வேகம் தெரியுமே தவிர அடர்த்தி தெரியாது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி கோவையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. உள்ளே வரும் காற்றின் எடை அதே அளவில் குறைய, கார்புரேட்டர் தரும் பெட்ரோலோ அதன் பாதி அளவே குறைகிறது. ஆகையால் கலவையில் பெட்ரோல் பத்து விழுக்காடு அளவுக்கு மிஞ்சி, குன்னூரைத் தாண்டியதும் பழைய கார் கரும்புகையோடு திணறுகிறது. இன்றைய எஞ்சினில் அழுத்த உணரி காற்றின் அளவைச் சொல்ல, சைலன்சர் குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரி எரிப்பு சரியாக நடந்ததா என்று திருப்பிச் சொல்ல, இ.சி.யு. என்னும் சிறு கணினி ஒவ்வொரு தெளிப்பையும் திருத்திக்கொள்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது தூய பெட்ரோலின் கணக்கு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு அது சுமார் 13.5ஆகக் குறைகிறது. கணினி இதையும் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டரில் ஜெட்டைக் கையால் மாற்றவேண்டும்.

ஆனால் அந்தக் கணினி தனியாக வேலை செய்யாது. அதற்குப் பெட்ரோல் மூன்று பார் அழுத்தத்தில் வேண்டும். பழைய காரின் பம்ப் தருவது அதில் பத்தில் ஒரு பங்குகூட எட்டாது என்பதால் மின்சாரப் பம்பும், அழுத்தம் தாங்கும் குழாய்களும், டேங்க்கில் வளைவுகளின்போது பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கினாலும் பம்ப் வறண்டுபோகாதபடி ஒரு சிறு அறையும் தேவைப்படும். பழைய டைனமோ மெதுவான ஓட்டத்தில் மின்கலத்தை நிரப்பாது. ஆல்டர்னேட்டர் இருந்தே தீரவேண்டும். இக்காலக் கார்களில் சாவிக்குள் ஒளிந்திருக்கும் சில்லு கணினியோடு அடையாளம் பேசி ஒத்துப்போனால்தான் எஞ்சின் உயிர்பெறும் ஆதலால், எஞ்சினை வாங்குபவர் அதன் கணினி, முழு ஒயரிங், சாவி, சாவியைப் படிக்கும் வளையம் ஆகியவற்றையும் அதே வண்டியிலிருந்தே வாங்கவேண்டும். மலிவாகக் கிடைத்ததென்று எஞ்சினை மட்டும் தூக்கிவந்து, ஒயரிங்குக்காக மாதக்கணக்கில் அலைவது இந்தத் துறையின் மிகச் சாதாரணமான சோகம்.

வெப்பமும் அவ்வாறே. பெட்ரோலின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு தண்டுக்கும், ஒரு பங்கு குளிர்நீருக்கும், ஒரு பங்கு புகையோடும் போகிறது. எனவே தண்டில் கிடைக்கும் திறன் கூடினால் ரேடியேட்டர் வெளியேற்றவேண்டிய வெப்பமும் அதே அளவில் கூடும். நாற்பது குதிரைத்திறனுக்கு அளந்து செய்த ரேடியேட்டரை 73க்கு வைத்துக்கொண்டு, ஏப்ரல் மாத நண்பகலில் அவிநாசி சாலை நெரிசலில் நிற்பவருக்கு அந்தக் கணக்கு விரைவில் புரிந்துவிடும்.

எனினும் எல்லாவற்றிலும் தலையாயது நிறுத்தும் வலிமையே. ஓடும் காரின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், 80 கிலோமீட்டரில் ஓடிய கார் 110 கிலோமீட்டரில் ஓடத் தொடங்கினால் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காகிறது. மலையில் கணக்கு இன்னும் கடுமை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறை மலைப்பாதையில், ஆட்களோடு 1150 கிலோ எடையுள்ள கார் 750 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொண்டால், அது இழக்கும் நிலையாற்றல் சுமார் 85 லட்சம் ஜூல். மூன்று லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்கப் போதுமான வெப்பம் அது. கியரைக் குறைத்து எஞ்சினின் இழுவையால் வேகத்தைக் கட்டுப்படுத்தினால் இதில் கணிசமான பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும், எஞ்சியது பிரேக்குக்கு. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்ட பத்மினியில் வெப்பம் மூடிய உருளைக்குள் தேங்கி, டிரம் விரிந்து, பிரேக் பட்டையின் உராய்வுத் தன்மை குறைந்து, மிதி ஆழமாக இறங்கினாலும் வண்டி நிற்காத நிலை வரும். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், மிதிக்கும் காலுக்கு உதவும் பூஸ்டரும் வைக்காமல் எஞ்சினை மட்டும் மாற்றிய காரை முழுமையடைந்த வேலை என்று எந்தப் பொறியாளரும் ஏற்கமாட்டார்.

சட்டம் இந்தப் பொறியியலை வேறொரு கண்ணால் பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்று சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே தோட்டத்துச் சாளையில் முடித்த ஈகோ – பத்மினி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் பொதுச் சாலைக்கு வரமுடியாது. விபத்து நேர்ந்தால் காப்பீடும் தகராறாகும். செட்டிபாளையம் போன்ற மூடிய தடங்கள் இதற்கு விலக்கு. சட்டம் கதவைச் சற்றுத் திறந்து வைத்திருப்பது வேறு எரிபொருளுக்கோ மின்கலத்துக்கோ மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட கருவித் தொகுப்புகளுக்குத்தான். கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனம் 2017இல் டாடா நானோவின் உடலுக்குள் 48 வோல்ட் மின்மோட்டாரை வைத்து ஜெயம் நியோ என்ற காராக உருவாக்கியது, தொழிற்சாலை அளவில் நிகழ்ந்த எஞ்சின் மாற்றமே. மின்மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்திலேயே முழு முறுக்குவிசையைத் தருவதால், பழைய கியர் பெட்டியின் முதல் கியர் வழியாக அதைச் செலுத்தினால் பின் அச்சின் தண்டுகள் முறியக்கூடும் என்ற புதிய கணக்கு அங்கே எழுகிறது. மின்கட்டுப்பாட்டுக் கருவியில் முறுக்குவிசைக்கு வரம்பு வைப்பது அதற்கு மாற்று.

2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பழமை வாகனப் பதிவும் கணக்கில் வரவேண்டும். முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, சேசிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றமின்றி மூல வடிவில் பேணப்பட்ட வண்டிகள், 20,000 ரூபாய் கட்டணத்தில் ‘வி.ஏ.’ எழுத்துகள் தாங்கிய எண்பலகையைப் பெறலாம். பத்மினி என்ற பெயரில் முதலில் வந்த கார்கள் இப்போது அந்த வயதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் மாறிய வண்டிக்கு அந்தப் பலகை கிடையாது. எனவே வயதான ஃபியட்டில் கைவைப்பவர்களுள் விவரமறிந்தோர், புதிய தாங்கிகளைப் பழைய போல்ட் துளைகளிலேயே பொருத்தி, தகட்டை எங்கும் வெட்டாமல், கழற்றிய 1089 சிசி எஞ்சினின் சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி, திறப்புகளை அடைத்து, எஞ்சின் எண்ணோடு சாளையின் ஒரு மூலையில் மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்துக்கொள்கிறார்கள்.